ஓடி வந்த சேதி

1

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி உங்கள் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதும்படி கேட்டிருந்தீர்கள். பனி எப்படி விழும், வெள்ளைக்காரர் காலையில் என்ன சாப்பிடுவார்கள், கத்தரிக்காய் கிடைக்குமா என்று கேள்விகளும் அனுப்பியிருந்தீர்கள். பனி வெள்ளையாக விழும். மறுநாள் ஆலைப் புகையில் கறுத்துவிடும். காலையில் முட்டையும் பாணும் சாப்பிடுவார்கள். கத்தரிக்காய் கிடைக்காது. உங்கள் கேள்விகள் முடிந்தன. இனி நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கௌரி, மாடிப்படிக்குக் கீழே கிடந்த என் கன்வஸ் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்கள் விற்கிறார்களாம், இவற்றைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நாங்கள் தமிழில் கதைத்தால் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். முன்பெல்லாம் திருத்துவோம். இப்போது அவள் பதில் சொன்னாலே போதும் என்று இருக்கிறோம்.

"இருக்கட்டும் பிள்ளை," என்றேன்.

நீங்கள்தான் இப்போது ஓடுவதில்லையே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள்.

"காலிலை நோ."

அது பொய். கௌரி என் முழங்காலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சப்பாத்துகளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தாள். உண்மையான காரணத்தில் அவளும் இருக்கிறாள். ஆகவே அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை நினைத்து எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது மட்டும் அது ஒரு வசதியாக இருக்கிறது.

2

ஓட்டம் தொடங்கியது டொக்டரின் வாயால். இந்த ஊர் நகரசபையில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறுவது என் உத்தியோகம். ஒரு நாள் லிப்ட் பழுதாகிப் படியேறிப் போனேன். மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிரே இருந்தவருக்குக் காலை வணக்கம் சொல்ல என்னிடம் மூச்சு இருக்கவில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டொக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, இதயத்தில் குற்றமில்லை, வயிற்றில்தான் குற்றம் என்றார். சோற்றைக் குறைக்கலாம், அல்லது ஓடலாம். சோற்றைக் குறைப்பது நடக்கிற காரியமா? ஓடுவதென்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த ஓட்டம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஓட்டம். கோட்டில் குனிந்து, விசில் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது. முதல் நாள் விசில் இல்லாமலே அப்படிப் பாய்ந்தேன். எங்கள் தெரு முடிவதற்குள் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, முந்தின இரவு சாப்பிட்ட பிட்டை அதன் காலடியில் வைத்தேன். பால்காரர் பார்த்தும் பாராதவர்போல் போனார். இந்த நாட்டவர்களிடம் அந்த நாகரிகம் உண்டு.

சில நாள் கழித்து ஒரு பொலிஸ்காரர் மறித்தார். விடிந்தும் விடியாத நேரம். பைஜாமாவும் கம்பளிச் சட்டையும் போட்ட ஒரு கறுத்த மனிதன் ஓடுகிறான். அவர் மீது குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கே ஓடுகிறீர் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். யாரிடமிருந்து ஓடுகிறீர் என்று கேட்டார். யாரிடமிருந்தும் இல்லை என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் அவர் நம்பவில்லை. பெயர் கேட்டார். என் பெயரையும் தகப்பன் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் என் வியர்வை காய்ந்து உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. அவர் பாவப்பட்டு, வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது குடியும் என்று அனுப்பிவைத்தார்.

கோபம் வரவில்லை. காரணமில்லாமல் ஒரு மனிதன் ஓடுவான் என்பதை நானும் அதுவரை நம்பியிருந்தவன் அல்லன். நான் வளர்ந்த இடம் அப்படி.

3

வடமராட்சியில் இருந்த எங்கள் ஐயாவுக்கு அக்கராயனில் குடியேற்றக் காணி கிடைத்தபோது நான் சின்னப் பையன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல், பின்னால் காடு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. வாய்க்காலின் மண்கரை, கட்டு என்போம், அதுதான் தெரு. அதில் வருகிற ஆளை எல்லா வயலிலிருந்தும் பார்க்கலாம். முகம் தெரிய முன்னரே நடை தெரிந்துவிடும்.

அந்தக் கட்டின் மேல் ஒருவர் ஓடினால், யானை வயலுக்குள் இறங்கிவிட்டது, அல்லது யாரையோ பாம்பு தீண்டிவிட்டது, அல்லது ஒரு வீட்டில் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது என்று பொருள். ஓடுகிறவரை நிறுத்தி விசாரிக்க மாட்டார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார்கள். பிள்ளைகள் கட்டின் மேல் விளையாட்டுக்கு ஓடினால் அடி விழும். நான் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் வென்று கிண்ணத்தோடு வந்தபோது, "ஆருக்கு என்ன நடந்ததெண்டு ஓடினனீ?" என்று ஐயா பகிடி பண்ணினார்.

ஒரேயொரு சேதியை மட்டும் ஓடிக் கொண்டுபோகக் கூடாது. அது மரணச் சேதி. எவ்வளவு வெயிலென்றாலும் அதைச் சொல்லப் போகிறவர் நடந்துதான் போவார். சைக்கிள் வைத்திருந்தாலும் இறங்கி உருட்டிக்கொண்டு போவார். புதிதாகக் குடிவந்த ஒருவர் இது என்ன வழக்கம் என்று ஐயாவைக் கேட்டார்.

"உயிருக்கு ஓடலாம். செத்தவருக்கு என்ன அவசரம்?" என்றார் ஐயா. "கேக்கப் போறவையும் அந்தக் கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டுமன்."

அடுத்த காலபோக அறுவடையின்போது அம்மாவுக்குக் குழந்தை பிறக்க முன்னரே இரத்தம் போகத் தொடங்கியது. ஐயா வண்டில் கட்டிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார். வீட்டில் நானும் தவமணி அக்காவும். அக்காவுக்கு அப்போது பதினேழு வயதிருக்கும். மறுநாள் பின்னேரம் அவள் முற்றத்தில் நெல்லைக் காயப் போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். தூரத்தில், வாய்க்கால் கட்டின் மேல், ஐயாவின் வேட்டி தெரிந்தது. கிளிநொச்சியிலிருந்து வருகிறவர் பேக்கரியில் பணிஸ் வாங்கி வருவார் என்பதுதான் என் நினைப்பு.

"ஐயா வாறார்! அக்கா, ஐயா வாறார்!" என்று குதித்தேன்.

அக்கா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா நடந்து வாறார், தம்பி," என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நெல்லின் மேல் தொப்பென்று இருந்துவிட்டாள்.

"ஏனக்கா இருந்திட்டாய்?" என்று கேட்டேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐயா வந்து சேர வெகுநேரம் எடுத்தது. அந்த நேரமெல்லாம் நான் பணிஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அந்தக் கொஞ்ச நிம்மதிகூடக் கிடைக்கவில்லை. அவள் வாய்க்கால் கட்டைப் பார்க்கத் தெரிந்தவள்.

அன்றிலிருந்து அவள்தான் எனக்கு அம்மா. அவளுடைய படிப்பு அன்றோடு நின்றது. என் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.

4

புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு எல்லோரும் புத்தி சொல்வார்கள். பக்கத்து மேசை ஆர்தர் ஓட்டச் சங்கம் ஒன்றில் இருக்கிறார். சனிக்கிழமை ஒன்றில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேடும் சேறும் ஆட்டுப் புழுக்கையுமாக ஒரு வெளி. எல்லோரும் மான்கள்போல் போய்விட்டார்கள். நான் சேற்றுக்குள் ஒரு சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் திரும்பி வந்தபோது அவர்கள் குளித்து, உடுத்து, எனக்காக ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைத் தட்டால் மூடி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் முன்னால் ஆள் ஓடினால் எனக்கு மூச்சு முட்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆர்தர் விடவில்லை. அடிகளை எண்ணி மூச்சு விடச் சொன்னார். எண்ணிக்கை பிழைத்தபோதெல்லாம் மூச்சும் பிழைத்தது. பாலில் பச்சை முட்டை அடித்துக் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டுக் குசினித் தொட்டியில் குனிந்து நின்ற என்னைப் பார்த்து என் மனைவி பரிமளம் சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, முட்டையும் பாவம், நீங்களும் பாவம்."

பிட்டுச் சாப்பிட்டு ஓடினால் விலா பிடித்தது. வெறும் வயிற்றோடு ஓடினால் தலை சுற்றியது. ஒரு வாழைப்பழம் சரிவந்தது. ஒரு சோடி காலுறை போட்டால் கொப்புளம் வந்தது; ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி போட்டேன். தெருவில் ஓடினால் முழங்கால் வலித்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவின் புல்லில் வலிக்கவில்லை. டொக்டரும் ஆர்தரும் சொல்லாதவை இவை. என் உடம்பு சொன்னது.

ஆனாலும் ஒரு சுற்று முடிய முன்னர் நுரை தள்ளிவிடும். ஒரு நாள் சலித்துப்போய், ஒரு விளக்குக் கம்பம்வரை ஓடி, அடுத்த கம்பம்வரை நடந்து, பிறகு ஓடினேன். சுற்று முடிந்துவிட்டது. மூச்சும் மிச்சம் இருந்தது. நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். இது அக்காவின் ஓட்டம்.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து வயலில் ஐயாவைப் புடையன் பாம்பு தீண்டியது. விஷகடி வைத்தியர் குளத்துக்கு அப்பால் இருந்தார். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டின் மேல் ஏறினாள். ஐயாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மருதமரம் வரை ஓடினாள். அடுத்த மருதுவரை நடந்தாள். பிறகு ஓடினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஐயா சாகக் கிடக்கிறார், இவள் நடக்கிறாளே! வைத்தியர் நேரத்துக்கு வந்தார். ஐயா பிழைத்தார்; அதற்குப் பிறகும் எத்தனையோ போகம் விதைத்து, நான் கப்பல் ஏறிய வருடம்தான் கண்ணை மூடினார். பாம்பு தீண்டிய அன்று இரவு அக்காவோடு சண்டை பிடித்தேன்.

"ஒரேயடியா ஓடினா நடுவழியில விழுந்து கிடப்பன்," என்றாள். "பிறகு வைத்தியரிட்டை ஆர் போறது, நீயே?"

மருதுக்குப் பதிலாக விளக்குக் கம்பம். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கடலைத் தாண்டி, ஒரு பச்சை முட்டையும் குடித்திருக்க வேண்டும் போலும்.

அக்காவுக்கு எழுதினேன். அத்தானின் கையெழுத்தில் பதில் வந்தது. எழுதப் பொறுமையில்லாத அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதுவது வழக்கம். "தம்பி, நீ விடியப்புறம் ஓடுறாயாம். ஆர் துரத்தினம்? மெல்ல ஓடு. சோத்தைக் குறைக்காதை."

கடிதத்தின் அடியில் அத்தான் தன் பங்குக்கு எழுதியிருந்தார்: அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிறோம்.

5

காரியாலயத்தில் லீவு கேட்டேன். நெருங்கிய உறவினருக்குக் கடும் நோய் என்றால் விசேட லீவு உண்டு. அதற்கொரு பத்திரம். அதில் தாய், தந்தை, மனைவி, பிள்ளை என்று நான்கு பெட்டிகள். லீவு கொடுக்கும் பெண்மணி மிக மரியாதையானவர். சகோதரி இதில் இல்லையே, மன்னிக்க வேண்டும் என்றார்.

அவள் எனக்குத் தாய்போல என்றேன்.

சட்டப்படி வளர்ப்புத் தாயா என்று கேட்டார். அப்படியென்றால் அத்தாட்சி கொண்டு வாருங்கள், கட்டாயம் கவனிக்கிறோம் என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அடுப்பு மூட்டித் தம்பிக்குச் சோறு குழைத்துக் கொடுத்ததற்கு அக்கராயனில் யார் அத்தாட்சி கொடுத்தார்கள்? பத்திரத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன். விமானம் எங்கள் கைக்கு எட்டாதது. கப்பலோ கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிற காலம்; அதற்கு என்னிடம் லீவு போதாது.

ஒபரேசன் முடிந்ததும் முடிவு எப்படியென்றாலும் தந்தி அடிக்கிறேன் என்று அத்தான் எழுதினார். அந்தக் காத்திருப்பில் நான் செய்யக்கூடிய வேலை என்று ஒன்றும் இருக்கவில்லை. ஓடினேன்.

அந்தக் கடிதம் வந்த மறுநாள், முதலாவது கம்பம்வரை ஓடி, வழக்கம்போல் நடக்கக் காலை எடுத்தேன். ஐயா நடந்து வந்த கட்டு கண்ணில் வந்தது. நடந்தால் முடிந்துவிட்டது என்று பொருள். நான் படித்தவன், வரைபடம் கீறுகிறவன், இது மூடத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் என்னால் நடக்க முடியவில்லை. அக்காவைப் பற்றிய சேதி வரும்வரை இந்தப் பூங்காவுக்குள் நான் ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தது.

நிற்காமல் ஓட வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். இன்னும் குறைத்தேன். நாயோடு உலாவுகிற கிழவி ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். நாய் மட்டும் திரும்பிப் பார்த்து இரக்கப்பட்டது. ஆனால் அது ஓட்டம்தான். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றும் முடிந்தது. மூச்சு வாங்கவில்லை. ஓடியபடியே கதைக்க முடிந்தது. அக்காவோடு கதைத்தேன். இத்தனை மாதம் தேடிய ஓட்டம், என் உடம்புக்கென்று அளந்து தைத்த ஓட்டம், பயத்தில் கிடைத்தது.

ஒரு நாள் காய்ச்சலோடு வெளிக்கிட்டேன். பரிமளம் கதவை மறித்தாள்.

"இதென்ன பிடிவாதம்? காய்ச்சலோடை ஒரு மனுசர் ஓடுறதே?"

அவள் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். வாய்க்கால் கட்டைப் பற்றியும், ஐயா நடந்து வந்த பின்னேரத்தைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். அவள் கதவை விட்டு விலகினாள். அடுப்படியில் காய்ந்த காலுறைகளை எடுத்துத் தந்தாள். அடுத்த நாளிலிருந்து நான் திரும்புகிற நேரம் முன்னறை ஜன்னலில் நிற்கத் தொடங்கினாள். குளிருக்குள் ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்கள் ஓடி வாறியளோ எண்டு பாக்கத்தான்," என்றாள்.

6

அது ஒரு சனிக்கிழமை. புல்லில் உறைபனி. பரிமளம் குளித்துக்கொண்டிருந்தாளாம். கதவு தட்டிய தந்திக்காரரிடம் கௌரிதான் தந்தியை வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தந்தி, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்திகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க எல்லோரும் கை தட்டிச் சிரித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நான் பூங்காக் குளத்துக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். பூங்கா வாசலில் சிவப்புக் கோட்டு தெரிந்தது. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதில் கடதாசியைப் பிடித்துக்கொண்டு, கௌரி ஓடி வந்தாள்.

ஓடி வந்தாள்.

தந்தி என்று தெரிந்தது. ஓடி வருகிறாள் என்றும் தெரிந்தது. அக்கராயன் வாய்க்கால் கட்டில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொருள்தான்: அக்கா பிழைத்துவிட்டாள். இந்தப் பிள்ளை எங்கே பிறந்தது, அதற்கு என்ன தெரியும் என்று நினைக்க எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. பாய்ந்தேன். மெல்லிய ஓட்டமெல்லாம் மறந்து, பள்ளிக்கூடத்துப் பையனாகக் குளத்தைச் சுற்றி ஓடினேன். கௌரியைத் தூக்கிச் சுழற்றினேன். அவள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

"மாமி பிழைச்சிட்டா! பிள்ளை, மாமி பிழைச்சிட்டா!"

அவளை முத்தமிட்டேன். நாயோடு வந்த கிழவியைப் பார்த்துக் கையசைத்தேன். அக்கா கட்டிலில் எழுந்திருந்து கஞ்சி குடிப்பது எனக்குத் தெரிந்தது. 'ஆர் துரத்தினம்?' என்று கேட்பது கேட்டது. அதற்குப் பிறகுதான் தந்தியைப் பிரித்தேன்.

ஒபரேசனுக்கு முதல் நாளே எல்லாம் முடிந்திருந்தது.

நல்ல சேதியா என்று கௌரி கேட்டாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் என்ன சொல்ல? இப்படிப்பட்ட சேதியை ஓடிக் கொண்டுவரக் கூடாது பிள்ளை என்றா? அவள் பிழை செய்யவில்லை. அவளுக்கு அந்த வாய்க்கால் கட்டைக் காட்டாதவன் நான். அதை நினைக்க நினைக்க இன்னொன்றும் தோன்றுகிறது. அவள் நடந்து வந்திருந்தால் எனக்குத் தூரத்திலேயே விளங்கியிருக்கும். ஓடி வந்ததால் அந்தப் பூங்காவில், உறைபனிக்கு மேல், அக்கா இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தாள். ஐயா சொன்ன அந்தக் கொஞ்ச நிம்மதியை என் மகள் தனக்கே தெரியாமல் எனக்குத் தந்தாள். அதற்காக அவளைக் கும்பிட வேண்டும். ஆனால் அதன் பிறகு விழுந்த விழுகை, ஐயோ, அதை நான் எழுத மாட்டேன். சப்பாத்தைக் காலில் போடும்போதெல்லாம் சிவப்புக் கோட்டு ஓடி வருகிறது. அதனால்தான் ஓடுவதில்லை. காலில் ஒரு நோவும் இல்லை.

வீட்டுக்கு ஓடுவோம் அப்பா, யார் முதலில் என்று பார்ப்போம் என்றாள் கௌரி.

"இல்லைப் பிள்ளை. ஓடாதை. கையைப் பிடி, நடப்பம்."

என் குரலில் அவள் எதைக் கேட்டாளோ, ஏன் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பூங்கா வாசலைக் கடந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். முன்னறை ஜன்னலில் பரிமளம் நின்றாள். தலையில் துவாய் சுற்றியிருந்தாள். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு அது கதிரையின் முதுகைத் தேடியது. தேடியது கிடைக்கவில்லைப் போலும்; தலைத் துவாய் கீழே தாழ்ந்தது. ஜன்னலில் ஆள் இல்லை. திரைச்சீலை மட்டும் தெரிந்தது.

கௌரி நின்றாள். என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் வாயில் தமிழ் வந்தது.

"அப்பா, அம்மா ஏன் இருந்திட்டா?"